வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வரும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி வரை கடலோரக் குடும்பங்களுக்கு வெளிநாடு புதிதல்ல. கடை, கப்பல், ஹோட்டல், கட்டட வேலை என்று இரண்டு மூன்று தலைமுறையாகப் போய்வருகிறார்கள். இப்போது பி.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்த பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், "டீச்சராகப் போக முடியுமா?" என்று கேட்கிறார்கள். மாலத்தீவில் ஆங்கில ஆசிரியராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வரும். அது போதாதா?

போதாது. உங்கள் ஆங்கிலத்தைக் கேட்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்க்கிற நாடுகள் இருக்கின்றன. தென்கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்குத் தருகிற ஈ-2 விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக்காரர்களுக்காகத்தான் அது முதலில் வகுக்கப்பட்டது. சீனாவிலும் தாய்மொழி ஆங்கிலமாக உள்ள நாட்டவர் என்ற நிபந்தனைதான் குறுக்கே நிற்கிறது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் விண்ணப்பம் போடுகிறவர் நியாயத்தோடு மல்லுக்கட்டுவதை விட வழி இருக்கிற பக்கம் போவது நல்லது.

வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் வேலை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு தனித்தனிச் சந்தைகள் இருக்கின்றன. ஒன்று, ஆங்கிலமே தெரியாதவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நிலையங்கள். அங்கே முகமும் உச்சரிப்பும் பாஸ்போர்ட்டும்தான் பேசும். இன்னொன்று, எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் நடத்துகிற பள்ளிகள். அங்கே பட்டம், பி.எட்., அனுபவம் மூன்றும் பேசும். நம் ஊர்ப் பிள்ளைகள் யூடியூப் பார்த்துவிட்டு முதல் சந்தையின் வாசலில் போய் நிற்கிறார்கள். இரண்டாவது சந்தையில் நமக்கு நாற்காலி ஏற்கெனவே போட்டிருக்கிறது.

கொரியா, ஜப்பானுக்கு வழியே இல்லையா?

குறுகலான வழி இருக்கிறது. இந்தியாவும் தென்கொரியாவும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராகச் சேரலாம். தனியார் டியூஷன் நிலையத்துக்கு இந்த வழி பொருந்தாது. சட்டத்தில் இடம் இருந்தாலும், இந்தியரைத் தேடி எடுக்கிற பள்ளி கிடைப்பது அரிது.

ஜப்பானில் பட்டத்தோடு இன்னொன்றும் கேட்பார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் குறைந்தது 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்தவர்கள் பள்ளியிடமிருந்தும் கல்லூரியிடமிருந்தும் பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாடுகளுக்கும் உதவும்.

சீனாவைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2021 ஜூலையில் அந்நாட்டு அரசு பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷன் தொழிலையே முடக்கியது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, "பிசினஸ் விசாவில் வாங்க, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று இந்தியர்களை அழைக்கிற ஆட்கள் உண்டு. அந்த 'அப்புறம்' வருவதில்லை. வேலை அனுமதி இல்லாமல் வகுப்பில் நிற்கிறவரைப் போலீஸ் பிடித்தால் பள்ளிக்காரர் யாரும் ஸ்டேஷனுக்கு வரமாட்டார்.

அப்படியானால் நமக்கு எங்கே வாய்ப்பு?

என்னைக் கேட்டால் முதலில் மாலத்தீவு. அங்கே பள்ளிக் கல்வி ஆங்கில வழியில்தான். அந்நாட்டு மொழியான திவேஹியையும் இஸ்லாம் பாடத்தையும் தவிர மற்றவை ஆங்கிலத்தில் நடக்கின்றன. பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள். உள்ளூரில் ஆசிரியர் போதவில்லை என்பதால் நெடுங்காலமாக இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கேரளம், தமிழ்நாட்டிலிருந்து, ஆசிரியர்களை எடுக்கிறார்கள். அரசுப் பள்ளிகளுக்கான ஆளெடுப்பை அந்நாட்டுக் கல்வி அமைச்சகமே அறிவிக்கும். பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும்.

சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படாதீர்கள். வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தலைநகர் மாலேயில் இடம் கிடைப்பவர் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலும் வேறேதாவது பவளத்தீவுக் கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. அரை மணி நேரம் நடந்தால் தீவு முடிந்துவிடும். ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி, வெள்ளி சனி விடுமுறை. திவேஹி வலமிருந்து இடமாக எழுதும் மொழி. சின்ன வகுப்புப் பிள்ளை திவேஹி நோட்டைத் திறக்கிற பழக்கத்தில் ஆங்கில நோட்டையும் பின்பக்கத்திலிருந்து திறந்து, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுவிட்டு உங்களை நிமிர்ந்து பார்க்கும். முதல் சில வாரம் நோட்டைத் திருப்பிக் கொடுப்பதிலேயே போகும். பயிற்சிக் கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

சாப்பாட்டில் நமக்குக் கஷ்டமில்லை. மாசிக் கருவாடு நம் ஊர்க் கடைக்கும் வருகிற சரக்குதானே. காலையில் சூரைமீனை உதிர்த்துத் தேங்காய்ப் பூ, வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள், மஸ் ஹுனி என்று பெயர். சைவக்காரர்கள்தான் பருப்பையும் முட்டைக்கோஸையும் வைத்து ஒப்பேற்ற வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் தீவுக்குத் தீவு படகுப் பயணம் ஆட்டம் போடும். பாம்பன்காரர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றைச் சுங்கத்தில் விடமாட்டார்கள். சாமி விக்கிரகத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்ச் சங்கடப்பட வேண்டாம்.

பணம் அனுப்புவதுதான் அங்கே உண்மையான தலைவலி. சம்பளம் அந்நாட்டு நாணயமான ருஃபியாவில் வரும். அதிகாரபூர்வ மதிப்பு ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா. அந்த விலைக்கு டாலர் எளிதில் கிடைக்காது. வெளியே வாங்கினால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மாலேயில் 1974 முதல் இயங்கும் ஸ்டேட் வங்கி வழியாக நம்மவர்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள். ஆனால் மாதம் இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு, அந்த வரம்பும் குறைந்துகொண்டு வருகிறது. வேலை ஒப்பந்தத்தில் சம்பளம் எந்த நாணயத்தில் என்று பாருங்கள். அங்கே இப்போது வேலை பார்க்கிற ஒருவரிடம் "போன மாதம் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடிந்தது?" என்று கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதை விட இந்தக் கேள்விக்கு வருகிற பதில் முக்கியம்.

வளைகுடாவில்?

துபாய், அபுதாபி, சவூதி, கத்தார், ஓமன் எல்லா இடத்திலும் சிபிஎஸ்இ பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். பி.ஏ. அல்லது எம்.ஏ. ஆங்கிலத்தோடு பி.எட். கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் பள்ளி உங்களைத் தேர்ந்தெடுத்தாலும் அங்குள்ள கல்வி ஆணையத்தின் ஒப்புதல் வர வேண்டும். அபுதாபிக்குத் தனி ஆணையம்.

இந்தியப் பள்ளிகளில் சம்பளம் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளை விடக் குறைவு. வீட்டு வாடகை அதில் பாதியை விழுங்கிவிடும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் துபாயில் சொந்தபந்தம் இல்லாத வீடு குறைவு. தங்குவதற்கு அண்ணன் வீடோ மாமா வீடோ இருந்தால் கணக்கு சரியாக வரும். தனியாகப் போய் வாடகைக்கு இருந்துகொண்டு மிச்சம் பிடிப்பது கடினம். தங்குமிடம் தருகிற பள்ளியாகப் பாருங்கள்.

கணவர் அங்கே வேலை பார்க்கிறார். குடும்ப விசாவில் போய் டீச்சர் வேலை பார்க்கலாமா?

பார்க்கலாம். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் நம் பெண்கள் நிறையப் பேர் இப்படித்தான் வேலை பார்க்கிறார்கள். விசாச் செலவும் தங்குமிடச் செலவும் மிச்சம் என்பதால் பள்ளிகளுக்கும் இது பிடிக்கும். அதைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பார்கள், பேரம் பேசுங்கள். குடும்ப விசா இருந்தாலும் வேலை அனுமதி தனியாக எடுக்க வேண்டும். அதைப் பள்ளிதான் எடுத்துத் தர வேண்டும். கிளம்புவதற்கு முன்பே ஊரில் சான்றிதழ் சரிபார்ப்பு வேலைகளை முடித்துக்கொண்டு போங்கள். அங்கே போனபின் அசல் சான்றிதழைத் தபாலில் அனுப்பி ஒவ்வொரு முத்திரையாக வாங்குவது நாய்படாத பாடு.

தாய்லாந்து, வியட்நாம்?

இரண்டு நாட்டுச் சட்டமும் இந்தியர் ஆங்கிலம் கற்பிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தாய்லாந்தில் பட்டம் வேண்டும், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள், ஆசிரியர் மன்றத்தின் அனுமதி, வேலைக்கு வருகிறவருக்கான பி வகை விசா, அதன்பின் வேலை அனுமதி. அங்கே நமக்குப் போட்டி பிலிப்பைன்ஸ்காரர்கள். நிறையப் பேர் இருக்கிறார்கள், நன்றாகவும் கற்பிக்கிறார்கள். வியட்நாமில் பட்டம், ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று ஆகியவற்றைக் காட்டி வேலை அனுமதி எடுக்கிறார்கள். சட்டம் தடுக்காததைச் சந்தை தடுக்கும். விளம்பரத்திலேயே "தாய்மொழி ஆங்கிலக்காரர் மட்டும்" என்று போட்டிருப்பார்கள். மனதில் வைத்துக்கொள்ளாமல் அடுத்ததற்குப் போங்கள்.

தாய்லாந்துக்குச் சுற்றுலாப் பயணியாகப் போவது சுலபம் என்பதாலேயே அங்கே ஆபத்தும் அதிகம். 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் வேலை என்று அழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி முகாம்களில் அடைத்துவைத்திருந்த கும்பல்கள் பற்றியது அது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் சிக்கினார்கள். ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்தவர்களையே அந்தக் கும்பல்கள் தேடின. பள்ளியின் பெயரைச் சொல்லாமல் "பாங்காக் வாங்க, ஏர்போர்ட்டில் ஆள் நிற்கும்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இங்கிலாந்துக்கு ஆசிரியராகப் போகலாம் என்கிறார்களே?

2023-லிருந்து இந்திய ஆசிரியர்கள் அங்கே தகுதி அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க முடிகிறது. ஆனால் கணிதம், அறிவியல், பிறமொழி ஆசிரியர்களுக்குத்தான் அந்த வழி. ஆங்கில ஆசிரியருக்கு இல்லை. வீட்டில் கணிதம் படித்த தங்கை இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள்.

டெஃபில் சர்டிபிகேட் வாங்கினால் வேலை உறுதி என்று விளம்பரம் வருகிறதே?

உறுதி கிடையாது. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கான பயிற்சிதான் டெஃபில், டெசால் எல்லாம். உலகம் முழுவதற்கும் இவற்றை அங்கீகரிக்கிற ஒரே அமைப்பு என்று எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் கோர்ஸ் நடத்தி, பொன்னெழுத்தில் அச்சடித்துக் கொடுக்கலாம். 120 மணி நேரம் என்று போட்டிருப்பதை ஒரே வாரக் கடைசியில் முடித்தவர்களும் உண்டு.

எங்கே போனாலும் மதிக்கப்படுபவை இரண்டு. கேம்பிரிட்ஜின் செல்டா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் டெசால் சான்றிதழ். செல்டாவில் நிஜமான மாணவர்களுக்கு முன்னால் 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பயிற்சியாளர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முழுநேரமாகப் படித்தால் ஏறக்குறைய 4 வாரம். ஆன்லைனிலும் நடக்கிறது. செலவு லட்ச ரூபாயைத் தாண்டும்.

என் கருத்தைச் சொல்கிறேன். பி.எட். இல்லாதவர் முதலில் பி.எட். படிக்கட்டும். மாலத்தீவும் வளைகுடாவும் அதைத்தான் கேட்கின்றன. பி.எட். இருந்து, வியட்நாம் மாதிரி இடத்துக்குத்தான் போவேன் என்கிறவர் செல்டாவைப் பற்றி யோசிக்கலாம். ஆயிரம் ரூபாய்க்குத் தள்ளுபடியில் கிடைக்கிற கோர்ஸை விசாவுக்கு ஒரு தாள் வேண்டும் என்றால் வாங்குங்கள். அதை வைத்து வேலை தேடாதீர்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். என்னால் முடியுமா?

ஜப்பான் முடியாது. மாலத்தீவு, வளைகுடா முடியும். அங்கே பட்டம் எதில் என்றுதான் பார்ப்பார்கள். நேர்காணலில் பேச்சு தடுமாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் கையில் இருந்தால் தமிழ் வழி என்ற பேச்சே எழாது. அதன் மதிப்பெண் 2 ஆண்டுகள் செல்லும். அதனால் விண்ணப்பிக்கப் போகிற நேரத்தில் எழுதுங்கள், முன்கூட்டியே எழுதி வீணாக்க வேண்டாம்.

தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் அழகப்பா பல்கலைக்கழகத் தொலைநிலைப் பட்டம் வாங்கியவர் நிறைய. உள்நாட்டில் அது செல்லும். வெளிநாட்டில் தொலைநிலைப் பட்டத்தை ஆசிரியர் பணிக்கு ஏற்காத நாடுகள் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே பள்ளியிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பட்டத்தில் ஒரு பெயர். என்ன செய்வது?

பாதிப் பேருடைய விண்ணப்பம் இங்கேதான் மாட்டுகிறது. நாம் முன்னெழுத்தோடு வாழ்கிறவர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எம். ஃபாத்திமா பானு, பட்டத்தில் ஃபாத்திமா பானு எம்., பாஸ்போர்ட்டில் முகமது இப்ராஹிம் ஃபாத்திமா பானு. நமக்கு மூன்றும் ஒரே ஆள். விசா அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று ஆட்கள். ஃபாத்திமாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் 'டிஎச்' போட்டு இன்னொரு இடத்தில் வெறும் 'டி' போட்டிருந்தால் இன்னும் மோசம். அந்தோணி, மரிய, சூசை என்று தொடங்கும் பெயர்களிலும் இதே கதைதான், ஞானஸ்நானப் பெயர் ஒரு தாளில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒற்றைப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு 'முருகேஸ்வரி' என்று மட்டும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து இப்படி ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலா, விசிட் விசா தருவதை நிறுத்திவிட்டது. எனவே புது பாஸ்போர்ட் எடுக்கும்போதே, அல்லது புதுப்பிக்கும்போதே, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். நம் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய்.

முன்னெழுத்து விரிவாக்கம் மட்டும்தான் வித்தியாசம் என்றால், இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துப் பல பேர் சமாளித்திருக்கிறார்கள். பெயரே வேறு என்றால் அரசிதழில் வெளியிட்டாக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். எது எப்படியோ, வேலை கிடைத்தபின் இதைத் தொடங்காதீர்கள். பள்ளி உங்களுக்காகக் காத்திருக்காது.

சான்றிதழில் என்னென்ன முத்திரை வாங்க வேண்டும்?

முதலில் பட்டம் உண்மையானதுதான் என்று பல்கலைக்கழகத்தின் சரிபார்ப்பு. பிறகு சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம். அடுத்து வெளியுறவு அமைச்சகம். இங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒரு நாட்டு அரசின் சான்றை மற்ற நாடுகள் அப்படியே ஏற்கிற அப்போஸ்டில் உடன்படிக்கையில் போகிற நாடு இருந்தால் அமைச்சகத்தின் அப்போஸ்டில் வில்லையோடு வேலை முடிந்தது. ஓமன், பஹ்ரைன் அப்படி. சவூதியும் 2022 டிசம்பரிலிருந்து அப்படி. அமீரகம், கத்தார், குவைத் போகிறவர்கள் அந்தந்தத் தூதரகத்திலும் முத்திரை வாங்க வேண்டும்.

அப்போஸ்டிலுக்கு அரசு வாங்குவது தாளுக்கு 50 ரூபாய். அதற்கு மேல் அரசு நியமித்த சேவை நிறுவனத்தின் கட்டணம். டிராவல்ஸ்காரர் ஒரு சான்றிதழுக்குப் பல ஆயிரம் கேட்டால், எதெதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். போலீஸ் நன்னடத்தைச் சான்று பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகவே வாங்கலாம், கட்டணம் 500 ரூபாய்.

ஏஜெண்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. பதிவுபெற்ற ஆளெடுப்பு முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்யாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கவே முடியாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் ஈ-மைகிரேட் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயரும் முகவரியும் வர வேண்டும். "நான் அவருடைய ஆள்தான், சப்-ஏஜெண்ட்" என்று ஊரில் ஒருவர் சொன்னால், சட்டத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது.

நீங்கள் பட்டதாரி என்பதால் உங்கள் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை இருக்காது, பத்தாம் வகுப்பு தேறினாலே அது தேவையில்லை. வசதிதான். அதே நேரம், கடை வேலைக்குப் போகிறவருக்கு அரசு செய்கிற சரிபார்ப்பு உங்களுக்கு நடக்காது என்பதையும் கவனியுங்கள். உங்கள் ஒப்பந்தத்தை நீங்கள்தான் படிக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிற வீட்டில் அந்த 61 நாளும் வருமானம் இருக்காது. சரியாக அப்போதுதான் "இப்ப கட்டினா ஜூனில் விசா" என்று சிலர் ஊருக்குள் சுற்றுவார்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு அப்புறம் படகை அடகு வைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். பள்ளி நேரடியாக நியமிக்கிற வேலைக்கு ஏஜெண்டே தேவையில்லை. தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமாக 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. செவிலியர், தொழிலாளர் அறிவிப்புகள்தான் அதிகம் வரும், இருந்தாலும் பதிவு செய்து வையுங்கள்.

விசிட் விசாவில் போய் வேலை தேடலாமா?

துபாயில் அப்படிப் போய் நேர்காணலுக்கு ஏறி இறங்குவது வழக்கம்தான். தங்க இடமும் திரும்பி வர டிக்கெட்டும் கையில் இருந்தால் போய்ப் பார்க்கலாம். அனுமதி வருமுன் "சும்மா ஒரு வாரம் கிளாஸ் எடுங்க" என்றால் எடுக்காதீர்கள். மற்ற நாடுகளுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

டெமோ கிளாஸ் என்றால் என்ன செய்யச் சொல்வார்கள்?

நேர்காணலின்போது வீடியோ அழைப்பில் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்வார்கள். எதிரே இருக்கும் இரண்டு பேர் மாணவர்களாக நடிப்பார்கள். படித்த பிள்ளைகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். தலைப்பைச் சொன்னதும் பலகையில் இலக்கண விதியை எழுதி, அதை விளக்கி, "ரிபீட் ஆஃப்டர் மீ" என்று முடித்துவிடுகிறார்கள். நம்மை அப்படித்தான் படிக்கவைத்தார்கள், அதனால் கை தானாக அங்கே போகிறது. எதிரே இருப்பவர் பார்ப்பது ஒன்றே ஒன்றை. பத்து நிமிடத்தில் மாணவர் எத்தனை நிமிடம் பேசினார்?

ஒரு உதாரணம். 'யூஸ்டு டு' சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். முன்பு வழக்கமாக நடந்தது, இப்போது இல்லை என்பதற்கான அமைப்பு அது. விதியை எழுதாதீர்கள். பாம்பன் படம் ஒன்றைக் காட்டுங்கள். இது ஒரு தீவு, 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரத்துக்குக் காரோ பஸ்ஸோ போக வழியில்லை, ரயிலில்தான் போனார்கள் என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: இப்போது பஸ்ஸில் போகிறார்களா? 1980-இல் பஸ்ஸில் போனார்களா? எப்படிப் போனார்கள்? மாணவர் வாயிலிருந்து ரயில் என்ற பதில் வந்த பிறகு அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதுங்கள். அடுத்து, "உங்கள் ஊரில் முன்பு என்ன இருந்தது, இப்போது இல்லை?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் யோசிக்கிற நேரத்தில் நாம் புகுந்து பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். வீட்டில் தம்பி தங்கையை உட்காரவைத்துப் பழகுங்கள்.

உச்சரிப்பில் அமெரிக்கக்காரர் மாதிரி பேச முயல வேண்டாம், அது கேட்கிறவருக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கும். 'பேக்' என்னும்போது பொதி (pack), பை (bag) இரண்டுக்கும் பேதம் தெரிகிறதா, 'ஜூ' என்பது மிருகக்காட்சி சாலையா யூதரா என்று புரிகிறதா, அதை மட்டும் பாருங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்து நீங்களே கேட்டாலே பாதி சரியாகிவிடும்.

அனுபவம் கேட்கிறார்கள். இங்கே தனியார் பள்ளியில் வேலை பார்த்தது செல்லுமா?

தாளில் இருந்தால் செல்லும். நம் பக்கத்துச் சின்னப் பள்ளிகள் பலவற்றில் நியமன ஆணை தருவதில்லை, சம்பளம் கையில். இரண்டு ஆண்டு உழைத்தாலும் காட்ட ஒன்றும் இருக்காது. சேரும்போதே நியமனக் கடிதம் கேளுங்கள், சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், விலகும்போது தேதியும் பாடமும் வகுப்பும் குறிப்பிட்ட அனுபவச் சான்று வாங்குங்கள். வெளிநாட்டுப் பள்ளி உங்கள் பழைய பள்ளிக்குப் போன் செய்து விசாரிக்கும்.

அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டிவைக்கிற பழக்கமும் சில நிர்வாகங்களுக்கு உண்டு. கொடுக்காதீர்கள். நகல் போதும். கொடுத்துவிட்டீர்கள் என்றால், வெளிநாட்டு வேலை என்று சொல்வதற்கு முன்பே வேறு காரணம் சொல்லித் திரும்ப வாங்கிவிடுங்கள். தந்திரம்தான், ஆனால் வேலை செய்கிறது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வாரத்துக்கு எத்தனை பாடவேளை, விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா, போக வர டிக்கெட் யார் செலவு, தங்குமிடம் தனி அறையா பகிர்வா, மருத்துவக் காப்பீடு, இடையில் விலகினால் அபராதம் எவ்வளவு. பாஸ்போர்ட்டைப் பள்ளி வைத்துக்கொள்ளும் என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தீவுப் பள்ளி என்றால் தீவின் பெயரைக் கேட்டு வரைபடத்தில் பாருங்கள், மாலேயிலிருந்து எத்தனை மணி நேரப் பயணம் என்பதையும்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கற்பிக்கலாமா?

கற்பிக்கலாம். பிரெப்ளி, ஐடாக்கி போன்ற இணையதளங்கள் இந்திய ஆசிரியர்களை ஏற்கின்றன. விலையை நீங்களே வைக்கலாம், தளம் தரகு எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் மாணவர் சேர்வது மெதுவாகத்தான் இருக்கும். மின்வெட்டு நேரத்துக்கு இன்வெர்ட்டரும், இரண்டாவது இணைய இணைப்பும் இல்லாமல் இறங்காதீர்கள். இதை முழு வருமானமாக நம்ப வேண்டாம். ஆனால் டெமோ கிளாஸ் பயத்தைப் போக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. நிஜ மாணவர், நிஜக் காசு.

எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும்?

வளைகுடா இந்தியப் பள்ளிகளுக்குக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும், ஜனவரியிலேயே நேர்காணல் சூடுபிடித்துவிடும். அங்குள்ள பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கும். தாய்லாந்தில் மே மாதமும் நவம்பரும் பருவத் தொடக்கம். கொரியா மார்ச், ஜப்பான் ஏப்ரல். மாலத்தீவில் இடையில் ஆள் விலகும்போதும் அறிவிப்பு வரும், கல்வி அமைச்சகத்தின் அறிவிப்புகளை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். எந்த நாடாக இருந்தாலும் பெயர்த் திருத்தத்தையும் முத்திரைகளையும் ஆறு மாதம் முன்பே தொடங்கினால்தான் சரியாக வரும்.